முள்ளுக்காரரின் காலி எடை

முள்ளுக்காரர் என்ற பெயரை அவருக்கு வைத்தவர்கள் லாரி ஓட்டுநர்கள். தராசு முள் மாதிரி நேரான மனுஷன் என்று முகத்துக்கு நேராக விளக்கம் சொல்வார்கள். லாரி கிளம்பிய பிறகு, தொண்டையில் சிக்கிய முள் என்பார்கள். இரண்டுமே அவர் காதுக்கு வந்திருக்கின்றன. இரண்டையுமே அவர் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டார்.

கிடங்குகளுக்குப் போகும் சாலையின் முனையில் இருந்தது அந்த எடை மேடை. தரையோடு தரையாக ஒரு நீளமான இரும்புத் தளம். பக்கத்தில், காலை நீட்டினால் சுவரில் இடிக்கிற அளவுக்கு ஓர் அறை. அதற்குள் ஒரு சுழல் நாற்காலி, சிவப்பு எண்கள் ஒளிரும் பெட்டி, கடகடவென்று சீட்டைத் துப்பும் பிரிண்டர். முதலில் வண்டி வெறுமனே ஏறும். அது காலி எடை. பிறகு சரக்கோடு ஏறும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் சரக்கு எவ்வளவு என்று தெரிந்துவிடும். கேட்பதற்கு இவ்வளவுதான். ஆனால் காலி எடையைக் கூட்டிக் காட்ட ஒருத்தர் தண்ணீர் கேன்களை நிரப்பிக்கொண்டு வருவார். குறைத்துக் காட்ட இன்னொருத்தர் மாற்றுச் சக்கரத்தைக் கழற்றி எங்கேயாவது ஒளித்துவிட்டு வருவார். சிலர் இருக்கையை விட்டு இறங்கவே மாட்டார்கள். முள்ளுக்காரர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "இறங்குங்க தம்பி, உங்களை யாரும் விலைக்கு வாங்க வரல" என்பார்.

வண்டியே இல்லாதபோது பெட்டி இருபது கிலோ காட்டினால், தளத்தில் சேறு ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம். உடனே துடைப்பத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். பூஜ்யம் வராமல் அவருடைய மேடையில் ஒரு சைக்கிள்கூட ஏறியதில்லை. இருபத்திரண்டு வருடத்தில் அவர் கையால் ஒரு தப்புச் சீட்டு போனதில்லை என்பது ஊருக்கே தெரியும். ஊருக்குத் தெரியாவிட்டாலும் அவரே சொல்லிவிடுவார்.

இப்படிப்பட்ட மனிதருக்குத்தான் ஐம்பத்து நாலாவது வயதில் பிரஷர் வந்தது. கிடங்கில் எல்லோருக்கும் உடம்பு பரிசோதித்த நாளில், இவர் கையில் பட்டையைச் சுற்றிய பெண் இரண்டு தடவை காற்றடித்துப் பார்த்துவிட்டு, "நீங்க டாக்டரைப் பார்த்துடுங்க" என்றாள். மூன்றாம் தெருவில் ஒரு கிளினிக். டாக்டர் நாற்பது வயதுக்குள் இருக்கும் ஒரு பெண்மணி, நல்ல சுறுசுறுப்பு. கண் கணினியில், விரல் விசைப்பலகையில், காது மட்டும் நோயாளி பக்கம். வெளியே பெஞ்சு நிறைய ஆட்கள் காத்திருக்கும்போது அவரும்தான் என்ன செய்வார்?

"நூத்தி அறுபத்தெட்டுக்கு நூத்தி ரெண்டு. மாத்திரை எழுதறேன். தினமும் காலையில ஒண்ணு. ரத்தம் டெஸ்ட் பண்ணணும், வெறும் வயித்துல போங்க. ஒரு மாசம் கழிச்சு வாங்க."

இந்த ஐந்து வாக்கியங்களில் முள்ளுக்காரர் மனசில் ஆணியடித்தது போல நின்றது ஒன்றே ஒன்றுதான்: வெறும் வயிற்றில் போவது. ஆகா, இவர்களுக்கும் தொழில் தெரிந்திருக்கிறது என்று அவருக்கு ஒரே சந்தோஷம். எதையும் வெறுமனே பார்த்தால்தானே உண்மை தெரியும்? அப்படியானால் பிரஷரை மட்டும் மாத்திரையோடு பார்த்தால் அது என்ன நியாயம்? அது ஓட்டுநரை உள்ளே வைத்துக்கொண்டு காலி எடை போடுவது மாதிரி. டாக்டருக்கு முன்னால் போய் உட்காரும்போது உள்ளே மாத்திரை இருக்கக் கூடாது என்று அவரே முடிவு கட்டிவிட்டார். எத்தனை நாள் என்பதற்கும் ஒரு கணக்கு வைத்திருந்தார். மழையில் நனைந்த லாரியின் அடிப்பலகை காய்ந்து பழைய எடைக்கு வர மூன்று நாள் ஆகும். உடம்புக்கும் மூன்று நாள்.

அதன்படி மாதம் முழுவதும் கண்ணும் கருத்துமாக மாத்திரை போடுவார். காலை ஆறு நாற்பதுக்கு, ஒரு நாள் தவறாமல். டாக்டரைப் பார்க்கும் நாளுக்கு மூன்று நாள் முன்பு நிறுத்திவிடுவார். இதை யாரிடமும் அவர் மறைக்கவில்லை. மறைக்க என்ன இருக்கிறது? யாரும் கேட்கவில்லை, இவர் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த மாதம் நூற்று எழுபத்திரண்டு. டாக்டர் திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்களா?"

"ஒழுங்கா சாப்பிடுறேன் டாக்டர்."

"உப்பைக் குறைச்சுக்கங்க. இன்னொரு மாத்திரை சேர்க்கறேன்."

அதற்கடுத்த மாதம் நூற்று எண்பது. மூன்றாவது மாத்திரை சேர்ந்தது. பிறகு முதல் மாத்திரையே இரண்டு மடங்கானது. ஒவ்வொரு தடவையும் அதே கேள்வி, அதே பதில். இரண்டிலும் பொய் கிடையாது.

முள்ளுக்காரருக்கு இதில்தான் மண்டை காய்ந்தது. மாத்திரை போடுகிற நாட்களில் எழுந்து நின்றால் கண்ணில் பூச்சி பறக்கிறது. நடந்தால் தரை பஞ்சு மாதிரி இருக்கிறது. நிறுத்துகிற அந்த மூன்று நாளில் தலை தெளிவாக இருக்கிறது. ஆனால் தெளிவாக இருக்கும் நாளில் போய்க் காட்டினால், பிரஷர் ஏறிவிட்டது, மாத்திரை போதவில்லை என்கிறார்கள். ஒரு தடவை துணிந்து கேட்டும் பார்த்தார்.

"டாக்டர், தலை ரொம்ப சுத்துது."

"பிரஷர் இவ்வளவு இருந்தா சுத்தாம என்ன செய்யும்?"

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் அதையே சொன்னார். அந்த அம்மா ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவர். மாத்திரை அட்டையின் பின்னால் இருக்கும் எறும்பு எழுத்தைக்கூடப் படித்துவிடுவார். படித்து என்ன பயன்? அதில் பெயர்தான் இருந்தது, புத்தி சொல்லவில்லை.

"என்னங்க, ஒண்ணு மருந்து தப்பு, இல்லை டாக்டர் தப்பு. வேற டாக்டரைப் பார்க்கலாமா?"

"டாக்டர் என்ன செய்வாங்க? என் உடம்புதான் தப்பு" என்றார் முள்ளுக்காரர். அதைச் சொல்லும்போது அவருக்கு அழுகை வந்துவிடும் போல இருந்தது. தன் உடம்பே கள்ளத்தனம் செய்யும் வண்டியாகிவிட்டதே என்ற வருத்தம்.

வருத்தத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஒரு நாள் காலை பதினாலாயிரத்து முந்நூற்று அறுபதை நாற்பத்தோராயிரத்து முந்நூற்று அறுபது என்று தட்டிவிட்டார். நல்ல வேளை, ஓட்டுநரே பார்த்துவிட்டு, "அண்ணே, என் வண்டிக்கு ஒரே நாள்ல இவ்வளவு சதை போட்டுடுச்சா?" என்று சிரித்தார். சீட்டு கிழிக்கப்பட்டது. ஆனால் செய்தி மேனேஜரின் காதுக்குப் போய்விட்டது. மேனேஜர் வயதில் சின்னவர், மரியாதை தெரிந்தவர். அதனாலேயே அவர் சொன்னது அதிகமாக வலித்தது.

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க. ஒண்ணாம் தேதிக்குள்ள டாக்டர்கிட்ட ஒரு கடிதம் வாங்கிட்டு வாங்க, இந்த வேலை பார்க்கலாம்னு. இல்லைன்னா கிடங்கு வாசல்ல வண்டி நம்பர் எழுதுற வேலைக்கு மாத்த வேண்டியிருக்கும்."

வண்டி நம்பர் எழுதுவது! வருகிற வண்டி உண்மையா பொய்யா என்று பார்க்க வேண்டாம்; நம்பரை மட்டும் எழுதினால் போதும். அந்தச் சுழல் நாற்காலிதான் முள்ளுக்காரர். அதிலிருந்து எழுப்பிவிட்டால் மிச்சம் இருப்பவர் யார் என்று அவருக்கே தெரியாது.

கடிதம் வாங்க டாக்டரைப் பார்க்கப் போக வேண்டிய நாளுக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. அதற்குள் இன்னொன்று நடந்துவிட்டது. பெட்டி முப்பது கிலோ காட்டியது. துடைப்பத்தோடு போனார், குனிந்து கூட்டினார், நிமிர்ந்தார். அவ்வளவுதான் அவருக்கு ஞாபகம். கண் விழித்தபோது மேடையில் மல்லாந்து கிடந்தார். மேடையைச் சுற்றிலும் நாலு ஓட்டுநர்கள். அவர்களில் ஒருவர் ஜன்னல் வழியாகப் பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணன் எழுபது கிலோ இருக்காரு" என்று அறிவித்தார். யாரும் சிரிக்கவில்லை. முள்ளுக்காரர் மட்டும், "துடைப்பத்தையும் சேர்த்து" என்று முனகினார்.

அதே ஓட்டுநர் அவரை ஆட்டோவில் ஏற்றிக் கிளினிக்குக்குக் கொண்டுபோனார். மனைவி கடையிலிருந்து ஓடிவந்து சேர்ந்துகொண்டார். வரிசையைத் தாண்டி உள்ளே விட்டார்கள். நர்ஸ் பட்டையைச் சுற்றினார். எண்ணைப் பார்த்ததும் முகம் மாறியது. மறுபடி அடித்தார். பிறகு டாக்டரே எழுந்து வந்து வேறு கருவியில் பார்த்தார். இடது கையில் பார்த்தார். வலது கையில் பார்த்தார்.

"தொண்ணூத்தாறுக்கு அறுபது. போன தடவை நூத்தி எண்பத்திரண்டு" என்றார் டாக்டர், தனக்குத்தானே. அவருக்கும் தலைகால் புரியவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

முள்ளுக்காரருக்கு ஒரே வெட்கமாகிவிட்டது. படுத்திருந்த இடத்திலிருந்து கையைக் கூப்பினார்.

"மன்னிச்சிடுங்க டாக்டர். திடீர்னு வர வேண்டியதாப் போச்சு. மாத்திரையோட வந்துட்டேன்."

"என்னது?"

"இது சரியான அளவு இல்ல. உள்ள மாத்திரை இருக்கு. எப்பவும் மூணு நாள் முன்னாடியே நிறுத்திட்டு, சுத்தமாத்தான் வருவேன். இந்தத் தடவை முடியல."

டாக்டர் பக்கத்தில் இருந்த ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அந்த அறையில் கணினிக்கு முதுகைக் காட்டி அவர் உட்கார்ந்ததை முள்ளுக்காரர் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"ஒவ்வொரு தடவையும் நிறுத்திட்டா வந்தீங்க?"

"ஒவ்வொரு தடவையும்" என்றார் முள்ளுக்காரர், கொஞ்சம் பெருமையோடு.

"எதுக்கு?"

சொன்னார். காலி எடையைப் பற்றி, தண்ணீர் கேனைப் பற்றி, மாற்றுச் சக்கரத்தைப் பற்றி, நனைந்த பலகை காயும் மூன்று நாளைப் பற்றி எல்லாம் சொன்னார். மனைவி தலையில் கை வைத்துக்கொண்டு பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். டாக்டருக்கு முதலில் கோபம்தான் வந்தது. அது நியாயமான கோபம். அடங்கிவிட்ட பிரஷருக்கு மாத்திரைக்கு மேல் மாத்திரையாக எழுதி, நல்ல மனுஷனை அவரே மேடையில் சாய்த்திருக்கிறார். "ஏன் என்கிட்ட சொல்லல?" என்று கேட்க வாயெடுத்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"நான் கேட்கவே இல்லை, இல்ல?" என்றார்.

"ஒழுங்கா சாப்பிடுறீங்களான்னு கேட்டீங்க டாக்டர். ஒழுங்காத்தான் சாப்பிட்டேன்."

"சார், நல்லா கேளுங்க. நீங்க இங்க வரும்போது எடை போடுறது உங்களை இல்ல. என்னை. நான் எழுதுன மருந்து வேலை செய்யுதா இல்லையான்னு பார்க்கத்தான் அந்தக் கருவி. நீங்க மாத்திரையை நிறுத்திட்டு வந்தா, என்னை மேடையை விட்டு இறக்கிட்டு எடை போட்ட மாதிரி. இத்தனை மாசமா எனக்குக் கிடைச்சது எல்லாம் தப்புச் சீட்டு."

முள்ளுக்காரருக்கு இது உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. உறைத்தபோது காதெல்லாம் சூடாகிவிட்டது. தப்புச் சீட்டு. அவர் கையால். ஒன்றல்ல, இரண்டல்ல, வரிசையாக மூன்று. ஆனாலும் முழுசாக ஒப்புக்கொள்ளவும் மனம் வரவில்லை. அப்படியானால் என்னுடைய உண்மையான பிரஷர் எது, மாத்திரைக்கு முன்னால் இருப்பதா, பின்னால் இருப்பதா என்று கேட்க நினைத்தார். டாக்டர் அதற்குள் நாலு மாத்திரையில் இரண்டை அடித்துவிட்டு, இரண்டை மட்டும் வைத்து எழுதிக்கொண்டிருந்தார்.

"ஒரு வாரம் வேலைக்குப் போகாதீங்க. அப்புறம் வாங்க. மாத்திரை போட்டுட்டு வாங்க. புரிஞ்சுதா? போட்டுட்டு."

அந்த ஒரு வாரம் வீட்டில் நடந்ததை மனைவியிடம் கேட்டால் சிரித்துக்கொண்டே அழுவார். முள்ளுக்காரர் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென விழிப்பார். வேலையும் இல்லை, ஜன்னல் வழியாகத் தெருவில் போகிற வண்டிகளை எண்ணிக்கொண்டிருப்பார். "இது என்னோட பிரஷரா, மாத்திரையோட பிரஷரா?" என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கேட்பார். "ரெண்டு பேரும் ஒரே வீட்டுலதானே இருக்கீங்க, சேர்ந்தே இருங்க" என்பார் மனைவி. கிளினிக்குக்குப் போகிற காலையில் மாத்திரையை விழுங்கும்போது, சக்கரத்தை ஒளித்துவிட்டு வருகிற ஓட்டுநரின் முகம் எப்படி இருக்குமோ அப்படித்தான் அவர் முகம் இருந்தது.

இருபத்தொன்பதாம் தேதி. நாளை மறுநாள் ஒன்று. நர்ஸ் அளந்துவிட்டு, "நூத்தி நாப்பத்தெட்டுக்குத் தொண்ணூத்திரண்டு" என்றார்.

"ஆறு நாப்பதுக்கு மாத்திரை போட்டேன்" என்று முள்ளுக்காரர் கேட்காமலே சொன்னார், குற்றத்தை ஒப்புக்கொள்வது போல.

மேனேஜர் கேட்ட கடிதத்தைப் பற்றி மனைவி முன்பே சொல்லியிருந்ததால், அது டாக்டர் மேஜைமேல் தயாராக இருந்தது. உட்கார்ந்து செய்யும் வேலைக்குத் தகுதியானவர் என்று ஒரே வரி; கீழே கையெழுத்துக்கு இடம். முள்ளுக்காரரின் கண் அந்த வெற்றிடத்தை விட்டு நகரவில்லை. டாக்டர் பேனாவை எடுத்தார். எடுத்தவர் அந்த எண்ணை மறுபடி பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார்.

"இன்னும் கொஞ்சம் இறங்கியிருக்கணும். வேற ஏதாவது என்கிட்ட சொல்லாம இருக்கீங்களா?"

முள்ளுக்காரர் நேர்மையாக யோசித்தார். ரொம்ப நேரம் யோசித்தார்.

"சொல்லணும்னு எனக்கே தெரியாததை எப்படி டாக்டர் சொல்றது?"

டாக்டர் நாற்காலியைக் கணினியிடமிருந்து திருப்பிக்கொண்டார்.

"சரி. காலையில கண்ணு முழிச்சதுல இருந்து சொல்லுங்க. எதையும் விடாதீங்க."

"அஞ்சரைக்கு எழுந்திருப்பேன். ஒரு சொம்பு தண்ணி குடிப்பேன். முட்டி வலி மாத்திரை ஒண்ணு போட்டுக்குவேன். அப்புறம் பல்லு..."

"நில்லுங்க. என்ன மாத்திரை?"

"அது இதுக்கில்ல டாக்டர், முட்டிக்கு. மருந்துக்கடையில சும்மா கேட்டாலே தருவாங்க. குனிஞ்சு மேடையைக் கூட்டணுமே. பதினோரு வருஷமாப் போடுறேன்."

"தினமுமா?"

"தினமும். வலி ஜாஸ்தியா இருந்தா ரெண்டு."

டாக்டர் கண்ணை மூடித் திறந்தார். "அந்த மாதிரி வலி மாத்திரை பிரஷரை ஏத்தும் சார். நான் ஒரு பக்கம் இறக்கிட்டு இருக்கேன், அது ஒரு பக்கம் ஏத்திட்டு இருக்கு. அதை நிறுத்திட்டு, ரெண்டு வாரம் பார்த்தாத்தான் எனக்கே தெரியும்."

மனைவி, "ஐயோ, நான்தானே வாங்கிட்டு வந்து தரேன்" என்று வாயைப் பொத்திக்கொண்டார். முள்ளுக்காரர் யாரையும் பார்க்கவில்லை. கடிதத்தையும் அதன்மேல் அசையாமல் நிற்கும் பேனாவையும் பார்த்தார். இரண்டு வாரம் என்றால் ஒன்றாம் தேதி தாண்டிப் போய்விடும்.

"டாக்டர், இதை நான் சொல்லாம விட்டிருந்தா கையெழுத்துப் போட்டிருப்பீங்களா?"

"போட்டிருப்பேன்."

இத்தனை வருடமாக மேடையில் தான் பிடித்த ஓட்டுநர்கள் எல்லாம் எந்த நிமிடத்தில் அந்தத் தப்பைச் செய்தார்கள் என்று இப்போதுதான் முள்ளுக்காரருக்குத் தெரிந்தது. அவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. அந்தச் சீட்டு அவர்களுக்கு அவ்வளவு தேவையாக இருந்திருக்கிறது. வாயை மூடிக்கொண்டு, கையெழுத்தை வாங்கிக்கொண்டு, முட்டி வலி மாத்திரையை வீட்டில் போய் நிறுத்திக்கொண்டால் யாருக்கு என்ன நஷ்டம் என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. பயமாக இருந்தது. ரொம்பப் பயமாக இருந்தது.

கடிதத்தை விரல் நுனியால் மெல்ல டாக்டர் பக்கம் தள்ளினார்.

"இப்ப கையெழுத்து வேணாம் டாக்டர். நான் இன்னும் பல்லே தேய்க்கல. முழுசா கேட்டுக்கங்க."

கதவைத் திறந்து எட்டிப் பார்த்த நர்ஸை டாக்டர் கையசைத்து அனுப்பினார்.

"சொல்லுங்க. பல்லு தேய்ச்சீங்க. அப்புறம்?"